படுக்கை விட்டு எழாத ஏழு பேர்

அத்தியாயம் 17

அப்பாவின் அறைச் சுவரில் நீல நிற டேப் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. விரல் நீளத் துண்டுகள். கட்டில் மட்டத்தில் தொடங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகம் வரும் உயரத்தில் நின்றுவிட்டன. எறும்புகள் மேலே ஏற யாரோ ஏணி கட்டிக் கொடுத்தது போல.

அப்பா போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. ஏணி மட்டும் அப்படியே இருந்தது.

அன்று காலை அண்ணன் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக அறைக்குள் நுழைந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையாவது பழுது பார்க்காவிட்டால் அவனுக்குத் துக்கம் தாங்காது. சுவரை வெள்ளை அடித்துவிட்டால் வீட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வரும் என்று நினைத்திருக்க வேண்டும். அடியில் இருந்த டேப்பை நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தொடாதே."

"வெறும் டேப்பும்மா."

"நான் ஒட்டினது. இருக்கட்டும்."

டீ தம்ளருடன் வாசல்படியில் நின்ற பூச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் கடைசிப் பெண். சின்ன வயதில் கல்லைக் கல்லாகப் புரட்டி, அடியில் ஓடுவதையெல்லாம் தீப்பெட்டிக்குள் அடைப்பாள் என்பதால் அந்தப் பெயர். இப்போது வைரஸின் மரபணுவைப் படிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. தீப்பெட்டி கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் என்பான் அண்ணன். அப்படிக் கிண்டல் செய்வதையும் ஒரு மாதமாக நிறுத்தியிருந்தான்.

பக்கவாதம் அப்பாவின் பேச்சையும் இடது கையையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போயிருந்தது. கை தூக்கப் பழக்குவதற்காக அந்த அடையாளங்களை ஒட்டினேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். எல்லோரும் நம்பினார்கள். நம்பாமலிருக்க அதில் என்ன இருக்கிறது?

நம்பப்படாதவள் ஒருத்திதான். அண்ணி.

அவள் ஜுர வார்டில் நர்ஸ். அப்பாவும் அவளும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் விழுந்தார்கள். அவள் எழுந்தாள், அவர் எழவில்லை. வார்டிலேயே உடை மாற்றி, தலை அலசிய பிறகுதான் பஸ் ஏறுகிறேன் என்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். அம்மா காதில் வாங்கவே இல்லை. என் புருஷனைக் கொண்டுபோனவள் என் கண் முன்னால் நடமாடக் கூடாது என்றாள். போன வாரம் அண்ணியின் பெட்டி வாசலுக்குப் போனது. போகச் சொன்னது அம்மா, தூக்கிக்கொண்டு போய் வைத்தது அண்ணன். அப்போது பூச்சி ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் டப்பாவை மூடாமலே மற்ற மூன்று சுவர்களுக்கும் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினான்.

*

ஆய்வுக்கூடத்துக்கு மனிதர்கள் வருவதில்லை, எண்கள்தான் வரும். குளிர்பெட்டிக்குள் சின்னக் குழாய்கள், குழாயின் மேல் ஓர் எண், கூடவே வயது, வசிக்கும் பகுதி. பெயர் கிடையாது. யாருடையது என்று தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் கூடாது. அது அங்கே முதல் சட்டம்.

வேலை என்னவோ புரிந்துகொள்ள எளிதானதுதான். வைரஸ் தன்னைத் தானே திரும்பத் திரும்பப் படியெடுக்கிறது. எப்போதாவது ஒரு தப்பு விழும். அந்தத் தப்போடுதான் அடுத்த ஆளுக்குப் போகும். கணக்குப் பரீட்சையில் மூன்று பேர் ஒரே மாதிரித் தப்பு செய்திருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று வாத்தியாருக்கு விளங்கிவிடாதா? அதே கதைதான். தப்புகளை வரிசைப்படுத்தினால் திரையில் ஒரு மரம் முளைக்கும். யாரிடமிருந்து யாருக்கு என்று கிளை கிளையாகச் சொல்லும். முழுதும் சொல்லாது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கும் மனிதர்களைவிட நிறையவே சொல்லும்.

ஓர் எண் மட்டும் பூச்சிக்குத் தெரியும். தெரிந்திருக்கக் கூடாது. அப்பாவின் குழாய் வந்த அன்று பெட்டியை வாங்கி வைத்ததே அவள்தான். அவர் வயது, அவர்கள் பகுதி, அவர்கள் ஆஸ்பத்திரி. கண்ணை மூடிக்கொள்வதற்குள் எண் மனதில் ஏறிவிட்டது. அதன் பிறகு அந்த எண் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பார்க்காமல் விரல்களைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். அண்ணியின் வார்டுக் கிளையில் இருந்துவிட்டால்? அந்தப் பயம்தான்.

அன்று அதுவே தேடிக்கொண்டு வந்தது.

தலைமை விஞ்ஞானி பெரிய திரையில் ஒரு கிளையைப் பெரிதாக்கினார். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிறவர்.

"ஏழு பேர். நகரத்துல ஏழு மூலையில இருக்காங்க. ஏழு பேருமே படுக்கையை விட்டு எழ முடியாதவங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூடக் கிடையாது. வைரஸ் மட்டும் அச்சு அசலா ஒண்ணு. கனவுல சந்திச்சுக்கிட்டாங்களா என்ன?"

யாரோ சிரித்தார்கள். பூச்சி சிரிக்கவில்லை. ஏழில் நான்காவது எண் அப்பாவுடையது.

மேடம் சுட்டியை அப்பாவின் எண்ணை ஒட்டி முளைத்திருந்த ஒரு துளிருக்கு நகர்த்தினார். ஆஸ்பத்திரிக் குறிப்புப்படி இது அதே வீட்டு நர்ஸ் என்றார். பெரியவரிடம் இருக்கும் தப்புகள் எல்லாம் இவளிடமும் இருக்கின்றன, கூடுதலாகப் புதிதாக ஒன்று. ஆகவே இவளுக்கு வந்தது வீட்டில்தான், அவரைப் பார்த்துக்கொண்டபோது வாங்கியிருப்பாள். இவள் வேலை பார்த்த வார்டு வைரஸ் மரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மேடம் அதை வானிலை சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். பூச்சி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கொண்டுவரவில்லை. வாசலில் வைக்கப்பட்ட பெட்டியின் ஒரு சக்கரம் தெருவைப் பார்த்துத் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

அப்படியானால் யார்?

வீடு வீடாகப் போய் விசாரிக்கும் களப்பணிப் பெண் தொலைபேசியில் வந்தாள். குரலில் அலுப்பு. இதுவரை போன வீடுகளிலெல்லாம் ஒரே பதில்தான் என்றாள். வெளியாட்கள் வீட்டுக்குள் வரத் தடை இருக்கிறதே, யாரும் வரவில்லை, நாங்கள் விடுவோமா? தண்ணீர் கேன் போடுகிறவர்கூட வாசலோடு சரி. சொல்லும்போது யாரும் கண்ணைப் பார்க்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. வேறு ஏதாவது கவனித்தாயா என்று மேடம் கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க மேடம். ரெண்டு வீட்ல கட்டில் பக்கத்துச் சுவர்ல நீல டேப் ஒட்டியிருந்துச்சு. ஏணி மாதிரி, துண்டு துண்டா. எதுக்குன்னு கேட்டேன், சும்மான்னாங்க."

அப்பாவின் அறைச் சுவர் பூச்சியின் கண் முன்னால் வந்தது.

வீட்டுக்குள் டேப்புடன் ஒருவர் வந்திருக்கிறார். கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார். எட்டிய உயரத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறார். அடுத்த வீட்டிலும் அதையே செய்திருக்கிறார். தொட்டுத் தூக்காமல் செய்ய முடியாத வேலை. பக்கத்தில் குனியாமல், மூச்சு மேலே படாமல் செய்யவும் முடியாத வேலை.

மற்றவர்கள் கலைந்த பிறகு மேடத்திடம் போய், நான்காவது எண் என் அப்பா என்றாள். சுவரில் டேப் எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்றாள். மேடம் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளை ஒரு நிமிடம் பார்த்தார்.

"நம்பர் உனக்கு எப்படித் தெரியும்னு நான் இப்ப கேக்கல. அதை அப்புறம் பேசுவோம். ஏழாவது சாம்பிள் முந்தாநாள் எடுத்தது. புரியுதா? இது சிலர் உடம்புல மாசக்கணக்குல தங்கும். அந்த ஆள் இன்னும் வீடு வீடாப் போயிட்டுதான் இருக்கார். எனக்கு இன்னைக்கே அவர் பேர் வேணும்."

*

பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அண்ணியைக் கூப்பிட்டாள். அண்ணி இப்போது நர்ஸ்கள் விடுதியில் இருக்கிறாள். மூன்று பேருக்கு ஓர் அறை, ஒரு ஜன்னல். மணி நெடுநேரம் அடித்தது. பின்னணியில் தள்ளுவண்டிச் சக்கரங்களின் சத்தத்தோடு குரல் வந்தது.

"சொல்லு பூச்சி. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"அண்ணி, நீங்க கொண்டு வரல. உங்களுக்குத்தான் அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு. ரிசல்ட்ல தெளிவா இருக்கு."

தள்ளுவண்டி எங்கோ போய் நின்றது.

"நானும் இதைத்தானே சொன்னேன்?" என்றாள் அண்ணி.

தெரியும், அண்ணி என்று பூச்சி ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். தெரிந்திருந்தால் ஜன்னலோரம் ஏன் நின்றாய் என்று அண்ணி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"வாயால சொன்னேன், யாரும் நம்பல. மெஷின் சொன்னதும் நம்புறீங்க. நல்லது, அந்த மெஷினையே மருமகளா வச்சுக்கோங்க. வேளாவேளைக்கு மின்சாரம் கொடுத்தாப் போதும்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு பூச்சியின் காதுக்குள் உடைந்த கண்ணாடித் தம்ளர் போல உருண்டது.

"அண்ணாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா ஓடி வந்துடுவான், அண்ணி."

"வருவார். அதான் பயமா இருக்கு."

"ஏன்?"

"கூப்பிட்டா நான் போயிடுவேன். போனதுக்கப்புறம் அந்த வாசலை ஒவ்வொரு நாளும் தாண்டணுமில்ல?"

யாரோ அண்ணியைக் கூப்பிட்டார்கள். அழைப்பு துண்டாயிற்று. பூச்சி மூடிய கடைகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே போனாள். திரையில் முளைக்கும் மரத்தில் இலைகளுக்கு வலி கிடையாது. அதுதான் அந்த மரத்தின் சௌகரியம்.

*

வீடு முழுக்க பெயிண்ட் வாசனை. மூன்று சுவர்கள் புதிதாக இருந்தன. நான்காவது சுவர் அழுக்காக, ஏணியோடு இருந்தது. அம்மா காலையில் உட்கார்ந்த இடத்திலேயே, கட்டிலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் நாற்காலியில் இருந்தாள். கூடத்தில் அண்ணன் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அறைக்குள் வந்ததும் பறந்துபோயிற்று. பூச்சி அப்பாவின் கட்டிலில் போய்ப் படுத்தாள். அவர் படுத்த பக்கம். தலையணையில் தலை வைத்தாள்.

"என்னடி பண்ற?" என்றாள் அம்மா.

பூச்சி இடது கையை மெல்லத் தூக்கினாள். முதல் டேப். இரண்டாவது. அதற்கு மேல். அதற்கும் மேல். கடைசித் துண்டின் உயரம் வந்தபோது கை காற்றில் நிற்கவில்லை. அம்மாவின் கன்னத்தில் போய்ப் பட்டது.

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

"இந்த அளவு நீ எடுத்தது இல்ல, இல்லையாம்மா? நீ இங்க உட்கார்ந்திருந்த. வேற யாரோ நின்னு ஒட்டியிருக்காங்க."

"நான்தான் ஒட்டினேன்."

"இன்னும் ரெண்டு வீட்ல இதே நீல டேப் இருக்கு. அந்த வீட்டுக்காரங்களும் யாரும் வரலைன்னுதான் சொல்றாங்க. அங்க படுத்திருந்தவங்களுக்கும் அப்பாவுக்கு வந்த அதே வைரஸ்தான். அண்ணி வார்டுல இருந்தது இல்லம்மா, அது வேற. அண்ணிக்கு வந்தது அப்பாகிட்ட இருந்து."

கூடத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"சின்ன வயசுல இருந்தே நீ இப்படித்தான்," என்றாள் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு கல்லை அது பாட்டுக்குக் கிடக்க விடமாட்ட."

பிறகு சொன்னாள். கோர்வையாகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பக்கவாதக்காரர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் ஒரு தம்பி. ஆஸ்பத்திரியில் பழக்கம். தடை வந்த பிறகு வரமாட்டேன் என்றுதான் சொன்னான். அவள்தான் விடவில்லை. பயிற்சி நின்றதும் அப்பாவின் விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கியிருந்தன, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தினமும் கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறாள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, மதியத்தில், பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாதீர்கள் அம்மா, என் லைசென்ஸ் போய்விடும் என்றானாம். இவள் சத்தியம் செய்து கொடுத்தாளாம்.

"கடைசியா வந்தப்ப இருமினான். தூசின்னான். அன்னைக்குத்தான் அப்பா..." அம்மா தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "தானா தூக்கினார். யாரும் பிடிக்கல. இங்க வந்து வச்சார். அந்தத் தம்பி சந்தோஷத்துல டேப்பை ஒட்டிட்டு அழுதுட்டான். அவன் இருமினது எனக்கு ஞாபகமே வரல, பூச்சி. ஞாபகம் வந்தப்ப அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறிடுச்சு."

"அப்புறம் ஏம்மா அண்ணியை..."

"யாராவது ஒருத்தர் கொண்டு வந்திருக்கணுமே."

அறை வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து வெள்ளைத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கத்துவான் என்று பூச்சி நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"பெட்டியை நான்தான் தூக்கினேன்," என்றான். "கைப்பிடி உடைஞ்சிருந்துச்சு. பார்த்துத் தூக்குங்கன்னு அவ சொன்னா. அப்பக்கூட என் கைக்காகத்தான் சொன்னா."

போய் வாசல்படியில், பெட்டி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். செருப்பைப் போடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

பூச்சிக்கு அழ நேரமில்லை. அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். அந்த ஆள் இன்னும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறான், அவனுக்கே தெரியாமல் இருக்கலாம், தொலைபேசி எண்ணைக் கொடு என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா போன அன்றே அதைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டேன் என்றாள். பூச்சி அம்மாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே, மந்திரம் சொல்வது போன்ற மெல்லிய குரலில் அம்மா ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லத் தொடங்கினாள். எத்தனை மதியங்கள் கூப்பிட்டுக் கெஞ்சியிருப்பாள்? ஓர் இலக்கத்தில்கூடத் தடுமாறவில்லை.

அம்மாவின் தொலைபேசியிலிருந்தே அழைத்தார்கள். அப்போதுதான் எடுப்பான்.

எடுத்தான்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?" இளமையான குரல், ஆனால் கரகரத்தது. ஓர் இருமல். "ஐயா எப்படி இருக்கார்? கை இப்ப எவ்வளவு உயரம் வருது? நானே வரணும்னுதான் இருந்தேன். உடம்புக்குக் கொஞ்சம் முடியல, அதான்."

அவனுக்குத் தெரியாது. இந்த ஒரு மாதத்தில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எல்லோரும் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள்.

அம்மா வாயைத் திறந்தாள். "தம்பி, அவர்..."

மறுமுனையில் வேறொரு குரல் கேட்டது. வயதான பெண் குரல், வார்த்தைகள் பாதி குழைந்து, எதையோ கேட்டது. அவன் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அவ்வளவுதான், அவ்வளவுதான். அப்படியே இருங்கம்மா. கையை இறக்கிடாதீங்க, ஒரு நிமிஷம்."

தொடர்ந்து, உருளையிலிருந்து டேப் கிழியும் சத்தம்.

பூச்சியால் பொறுக்க முடியவில்லை. தொலைபேசியை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கினாள். அவள் செய்த தப்பு அதுதான். அம்மாவைப் பேச விட்டிருக்கலாம். அம்மா குரலுக்கு அவன் நின்றிருப்பான்.

"நீங்க இப்ப எந்த வீட்ல இருக்கீங்க?"

"யாருங்க?"

"நான் அவங்க பொண்ணு. ஆய்வுக்கூடத்துல வேலை செய்றேன். அங்கிருந்து உடனே வெளியில வந்துடுங்க. உங்ககிட்ட இருந்துதான்..."

ஒரு மூச்சு கேட்டது, அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது.

மறுபடி அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது பதிவு செய்த குரல். இன்னொரு முறை. அதே குரல், அதே மரியாதை. எண்ணை மேடத்துக்கு அனுப்பினாள். எண் கிடைத்துவிட்டது, ஆள் எந்தத் தெருவில், எந்த மாடியில் இருக்கிறான் என்பது கிடைக்கவில்லை.

வாசல்படியில் அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தெருவில் யாரும் இல்லை.

அம்மா சுவரைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாதது போலக் கேட்டாள்.

"கையை இறக்காதீங்கன்னு சொன்னான் இல்ல?"

"ஆமாம்மா."

"அந்த அம்மா இன்னும் தூக்கி வச்சிட்டுதான் இருப்பாங்க."